தாளிப்புக் கரண்டியில் அலசிய விஸ்கி

சாம்பாரை இறக்கி வைத்தபின் கரண்டியில் எண்ணெய் காய வைத்து, கடுகு, வெந்தயம், வற்றல் மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் பொரித்துக் கொட்டுகிறோம். பல வீடுகளில் அதோடு நிறுத்துவதில்லை. கரண்டியின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணெயும் பெருங்காயமும் வீணாகக் கூடாதே என்று, ஓர் அகப்பை சாம்பாரை மொண்டு அந்தச் சூடான கரண்டிக்குள் விட்டு, சொய்யென்று சத்தம் அடங்கியதும் ஒரு சுழற்றுச் சுழற்றித் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றுவார்கள். ஷெர்ரி பீப்பாயில் முடித்த பிளெண்டட் விஸ்கியின் கடைசிக் கட்டம் இந்த அலசல்தான். விஸ்கிக்குள் யாரும் ஷெர்ரியைக் கொட்டுவதில்லை. கொட்டினால் சட்டப்படி அது ஸ்காட்ச் விஸ்கியே இல்லை. ஷெர்ரி இருந்து காலியான பீப்பாய்க்குள் விஸ்கியை விட்டு, சில மாதங்கள் வைத்திருந்து, வெளியே எடுக்கிறார்கள். மரத்தில் ஒட்டியிருப்பது கூடவே வருகிறது.

எனவே இந்த விஸ்கியைச் சுவைப்பவருக்கு ஒரே வேலைதான்: எது பருப்பு, எது பொடி, எது தாளிப்பு என்று பிரித்துப் பார்ப்பது. சாம்பாரை முதல் வாய் சாப்பிட்டதுமே "பருப்பு வேகலை", "பெருங்காயம் தூக்கல்" என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிய வித்தை அல்ல.

பருப்பிலிருந்து தொடங்குவோம். பிளெண்டட் ஸ்காட்சில் அளவில் பெரும்பங்கு வகிப்பது கிரெய்ன் விஸ்கி. கோதுமை அல்லது மக்காச்சோளத்தோடு கொஞ்சம் முளைகட்டிய பார்லி சேர்த்து, உயரமான தொடர்வடிப்புத் தூண்களில் காய்ச்சி எடுப்பது. ஈனியஸ் காஃபி என்ற அயர்லாந்துக்காரர், கலால் துறையில் உயர்பதவியில் இருந்து விலகியவர், 1830இல் இந்தக் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். சாராயக் காய்ச்சலைத் துரத்திக்கொண்டிருந்த அதிகாரி, உலகமே காய்ச்சும் முறையை மாற்றிவிட்டுப் போனார்! தூணில் நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருக்கலாம், ஆல்கஹாலும் மிக அடர்த்தியாகக் கிடைக்கும். ஆனால் 94.8 சதவீதத்துக்குக் கீழேதான் எடுக்க வேண்டும் என்கிறது சட்டம். அதைத் தாண்டினால் தானியத்தின் வாசம் மிஞ்சாது.

எடின்பரோவில் நார்த் பிரிட்டிஷ், ஃபைஃபில் கேமரன்பிரிட்ஜ், தென்மேற்குக் கடலோரத்தில் 1963இல் வந்த கிர்வன் என்று ஸ்காட்லாந்தில் கிரெய்ன் ஆலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் பிறக்கும் விஸ்கி மெல்லியது. கொஞ்சம் வெண்ணிலா, கொஞ்சம் இனிப்பு, நாக்கில் வழுவழுப்பு. தனியாகக் குடித்தால் பெரிதாக ஒன்றும் சொல்லாது. ஒரே ஆலையின் மால்ட் விஸ்கியான சிங்கிள் மால்ட்டின் பிரியர்கள் இதை நிரப்புச் சரக்கு என்று ஒதுக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. துவரம்பருப்பை வேகவைத்து அப்படியே ஒரு கிண்ணம் குடித்துவிட்டு "இதில் என்ன இருக்கிறது" என்று யாராவது கேட்பார்களா? புளியும் பொடியும் உட்கார அது இடம் தருகிறது. அவசரத்தில் வேகவைத்த பருப்பு எத்தனை தாளித்தாலும் பச்சை வாசம் அடிப்பதைப்போல, இளம் கிரெய்ன் விஸ்கியின் சூடான சாராய நெடியை எந்த ஷெர்ரியாலும் முழுதாக மறைக்க முடியாது.

பொடி, மால்ட் விஸ்கி. முளைகட்டிய பார்லி மட்டும், செம்புப் பானை வடிகலனில் பெரும்பாலும் இருமுறை காய்ச்சியது. ஸ்பேசைட் பக்கத்திலிருந்து ஆப்பிள், பேரிக்காய் வாசம். ஐலே தீவிலிருந்து புகை வாசம். இன்னோர் ஆலையிலிருந்து தேன், எண்ணெய்ப் பிசுக்கு. ஒரு பிளெண்டில் பத்து மால்ட்டும் இருக்கலாம், நாற்பதும் இருக்கலாம். எடின்பரோவின் ஆண்ட்ரூ அஷர் 1853இல் பல வயதுகளில் இருந்த மால்ட்டுகளைச் சேர்த்து விற்கத் தொடங்கினார். 1860இல் வந்த சட்டம், வரி கட்டுமுன்பே கிடங்கில் மால்ட்டையும் கிரெய்னையும் கலக்க வழிவிட்டது. உலகம் ஸ்காட்ச் என்று தெரிந்துகொண்டது இந்தக் கலவையைத்தான்.

கலந்ததும் முடிந்துவிடாது. சாம்பார் பொடி போட்டபின் ஒரு கொதி வர வேண்டும். இல்லையென்றால் பொடி தனியாக, பருப்பு தனியாக நிற்கும். பல நிறுவனங்கள் கலந்த விஸ்கியைத் திரும்பப் பீப்பாயில் ஊற்றிச் சில மாதங்கள் சேர்ந்திருக்க விடுகின்றன. கிளாஸ்கோவின் வொய்ட் அண்ட் மக்கேயில் இதை இரண்டு சுற்றாகச் செய்வது வழக்கம்: மால்ட்டுகளை முதலில் ஷெர்ரி பீப்பாயில் சேர்ப்பார்கள், பிறகு கிரெய்னோடு சேர்த்து மறுபடி பீப்பாய்க்கு அனுப்புவார்கள். அங்கே பல்லாண்டு தலைமைக் கலவையாளராக இருந்த ரிச்சர்ட் பேட்டர்சனுக்கு "மூக்கு" என்றே பட்டப்பெயர்.

இப்போது கரண்டிக்கு வருவோம். விஷயம் இங்கேதான் ருசிக்கிறது.

ஷெர்ரி, ஸ்பெயினின் தென்கோடியில் அந்தலூசியாவில் ஹெரெஸ், சான்லூக்கர், எல் புவெர்த்தோ என்ற மூன்று ஊர்களுக்கு நடுவே உருவாகும் வைன். பலோமினோ என்ற, தன்னளவில் மந்தமான வெள்ளைத் திராட்சை. நொதித்தபின் திராட்சைச் சாராயம் சேர்த்து வலுவாக்குவார்கள். அதில் இரண்டு வழி பிரிகிறது. சுமார் 15 சதவீதத்தில் நிறுத்தினால் வைனின்மேல் ஈஸ்ட் ஓர் ஆடையாகப் படரும். காற்று படாமல் அது காக்கும். கிடைப்பது வெளிறிய ஃபீனோ. 17 சதவீதத்துக்கு ஏற்றிவிட்டால் அந்த ஆடை பிழைக்காது, வைன் பீப்பாய்க்குள் காற்றோடு ஆண்டுக்கணக்கில் உறவாடிப் பழுப்பேறும், கிடைப்பது ஒலோரோசோ. அக்ரூட், காய்ந்த ஆரஞ்சுத் தோல், பழைய மரச்சாமான், தோல் பை என்று அதன் வாசம் போகும். விஸ்கிக்காரர்கள் அதிகம் தேடுவது இதைத்தான்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒலோரோசோ இனிப்பான வைன் அல்ல. வாசத்தில் பேரீச்சம்பழம் போல ஏமாற்றிவிட்டு வாயில் வறண்டு நிற்கும். உண்மையிலேயே இனிப்பது பெத்ரோ ஹிமெனெஸ். அந்தத் திராட்சையை வெயிலில் காயப்போட்டுப் பிழிவார்கள். ஒரு லிட்டரில் 212 கிராமாவது சர்க்கரை இருக்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். கறுத்து, பாகுபோல ஓடும். இந்தப் பீப்பாயில் முடித்த விஸ்கி என்றால் அத்தியும் கரும்பாகும் முன்னால் நிற்கும். ஒலோரோசோ என்றால் கொட்டைப் பருப்பும் ஆரஞ்சுத் தோலும். லேபிளில் வெறுமனே "ஷெர்ரி" என்றிருந்தால் மூக்குதான் கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கே வேதியியல் நம் அஞ்சறைப் பெட்டிக்குள்ளேயே வருகிறது. பழைய ஷெர்ரியின் வாசத்துக்குக் காரணமான சேர்மங்களில் சோட்டோலான் என்று ஒன்று உண்டு. வெந்தயத்துக்கு அதன் தனி வாசத்தைக் கொடுப்பதும் அதேதான். உவமைக்காகச் சொல்லவில்லை, இரண்டிலும் இருப்பது ஒரே மூலக்கூறு. அளவு குறைந்தால் கருகிய சர்க்கரைபோல இருக்கும், கூடினால் குழம்புபோல இருக்கும். நாலு வெந்தயத்தை வெறும் வாணலியில் சிவக்க வறுத்து ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, ஷெர்ரி வாசம் தூக்கலான விஸ்கியையும் மாறிமாறி மோந்து பாருங்கள். வெளிநாட்டு ருசிக் குறிப்புகளில் வரும் "மேப்பிள் சிரப்" என்ற சொல்லோடு இங்கே யாரும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

இனி, பீப்பாய் எங்கிருந்து வருகிறது? ஒரு காலத்தில் ஷெர்ரி பீப்பாய் பீப்பாயாகவே கப்பலேறி பிரிட்டனுக்கு வந்தது. அங்கே புட்டியில் அடைத்தபின் காலிப் பீப்பாயைத் திருப்பி அனுப்பக் கட்டுப்படியாகாது. மலிவாகக் கிடைத்ததை விஸ்கி ஆலைகள் வாங்கிப்போட்டன. 1980களில் ஷெர்ரியை ஸ்பெயினிலேயே புட்டியில் அடைக்க வேண்டும் என்றாகி இந்த வரத்து நின்றுபோனது. பழைய பீப்பாய்க்கு மறுபடி மணமேற்ற பாக்சரெட் என்ற இனிப்பு வைன் குழம்பை அழுத்திச் செலுத்தும் பழக்கமும் இருந்தது. அதற்கும் ஏறக்குறைய அதே காலத்தில் தடை வந்தது.

ஷெர்ரி செய்பவர்களின் சொந்தப் பீப்பாய்களை வாங்கலாமே என்றால், அவர்கள் தர மாட்டார்கள். தந்தாலும் பெரும் பயனில்லை. இளம் வைனை மேல் அடுக்கிலிருந்து கீழ் அடுக்குக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி முதிர்விக்கும் சொலேரா முறையில், பீப்பாய் மரம் தன் வாசத்தை வைனுக்குத் தராமல் இருப்பதுதான் அதன் பெருமை. பல பத்தாண்டுகள் ஊறி மரம் மௌனமாகிவிட்டிருக்கும். ஆகவே இப்போது நடப்பது வேறு. புதுப் பீப்பாய் செய்து, ஷெர்ரியை நிரப்பி, ஓராண்டோ இரண்டாண்டோ ஊறவைத்து, வைனை வடித்துவிட்டு, காலிப் பீப்பாயை ஸ்காட்லாந்துக்கு அனுப்புகிறார்கள். வடித்த வைன் பெரும்பாலும் வினிகராகவோ பிராந்தியாகவோ போகும், குடிமேசைக்கு வராது. கரண்டியில் மிச்சமிருக்கிறதே என்று அலசிய காலம் போய், அலசுவதற்காகவே தாளிக்கும் காலம். இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். ஆனால் "அரிய ஷெர்ரி பீப்பாய்" என்று தங்க எழுத்தில் பார்க்கும்போது கொஞ்சம் புன்னகைத்துக்கொள்ளலாம்.

எண்ணெய் ஏன் வேண்டும்? பெருங்காயமும் மிளகாயும் தங்கள் வாசத்தைத் தண்ணீருக்குள் அவ்வளவு எளிதாக விடாது, எண்ணெய்க்கு விடும். விஸ்கியில் அந்த வேலையை ஆல்கஹால் செய்கிறது. பீப்பாயில் இருக்கும் விஸ்கி பாதிக்கு மேல் ஆல்கஹால், மீதி தண்ணீர். ஆல்கஹால் மரத்துக்குள் புகுந்து வெண்ணிலின், தேங்காய் வாசம் தரும் லாக்டோன், யூஜினால் எல்லாவற்றையும் கரைக்கிறது. யூஜினால் என்பது நம் கிராம்பின் உயிர்வாசம். தண்ணீர் தன் பங்குக்குச் சர்க்கரையையும் துவர்ப்பையும் இழுக்கிறது. மரத்துக்குள் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் சில லிட்டர் ஷெர்ரியும் மெல்ல வெளியே வருகிறது. மரம் எது என்பதும் முக்கியம். ஐரோப்பிய ஓக்கில் துவர்ப்பும் மசாலா வாசமும் அதிகம். அமெரிக்க ஓக்கில் வெண்ணிலாவும் தேங்காயும் அதிகம். ஷெர்ரி பீப்பாய்கள் இரண்டிலும் வருகின்றன. "ஷெர்ரி வாசம்" என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி உண்மையில் ஐரோப்பிய ஓக் மரத்தின் வாசம்.

ஷெர்ரி பீப்பாய் பொதுவாக 500 லிட்டர் கொள்ளும். அமெரிக்க பார்பன் விஸ்கிப் பீப்பாயின் 200 லிட்டரைவிட மிகப் பெரியது. பெரிய பாத்திரத்தில் மரம் தொடும் பரப்பு குறைவு. ஷெர்ரிக்குப் பின் முதல்முறையாக விஸ்கி காணும் பீப்பாய் அள்ளிக் கொடுக்கும். மூன்றாம் முறையில் கரண்டி ஏறக்குறையச் சுத்தமாகிவிட்டிருக்கும். எத்தனை மாதம் வைத்தால் "ஃபினிஷ்" என்று போட்டுக்கொள்ளலாம் என்று சட்டம் எந்தக் குறைந்தபட்சமும் சொல்லவில்லை. மூன்றாண்டு ஓக் பீப்பாயில் இருக்க வேண்டும், பீப்பாய் 700 லிட்டரைத் தாண்டக் கூடாது, புட்டியில் 40 சதவீதமாவது ஆல்கஹால் வேண்டும், தண்ணீரும் சாதா கேரமல் நிறமியும் தவிர எதுவும் சேர்க்கக் கூடாது: 2009ஆம் ஆண்டு விதிகளின் சாரம் இது. சாம்பார் உவமை இந்த இடத்தில் கொஞ்சம் நொண்டுகிறது. கரண்டியில் அரை நொடி நடப்பது பீப்பாயில் அரை ஆண்டோ இரண்டாண்டோ நடக்கிறது.

இப்படி முடிக்கும் முறையைப் பெரிதாக்கியவர் வில்லியம் கிராண்ட் நிறுவனத்தின் டேவிட் ஸ்டூவர்ட். 1962இல் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். 1980களின் தொடக்கத்தில் பால்வெனி ஆலையின் மால்ட்டை பார்பன் பீப்பாயிலிருந்து எடுத்து ஷெர்ரி பீப்பாய்க்கு மாற்றிப் பார்த்தார். 1993இல் வந்த டபுள்வுட் அதை ஊரறியச் செய்தது. மால்ட்டில் எடுபட்டதும் பிளெண்டுக்கு வந்தது. கிராண்ட்ஸ், ஜானி வாக்கர் பிளாக் லேபிள் என்று பழகிய பெயர்களிலேயே ஷெர்ரி ஃபினிஷ் வகைகள் வந்திருக்கின்றன. நம் பக்கம் பெங்களூரின் அம்ருத், பார்பன் பீப்பாய்க்கு நடுவே ஒரு ஷெர்ரி சுற்று விட்டு "இன்டர்மீடியட் ஷெர்ரி" என்றே ஒன்று செய்தது. அது பிளெண்ட் அல்ல, சிங்கிள் மால்ட்.

சரி, ஊற்றலாம். முப்பது மில்லி போதும். வாய் குறுகிய கிண்ணம் வேண்டும். கலவையாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திய சிறு காம்புக் கிண்ணம் கொப்பித்தா, ஹெரெஸில் ஷெர்ரி குடிப்பதற்கென்றே வந்தது. அடிக்கனமான அகலக் கண்ணாடியில் வாசம் எட்டுத் திக்கும் ஓடிவிடும்.

நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். கேரமல் அனுமதி இருப்பதால் கருஞ்சிவப்பு எதையும் நிரூபிக்காது. நேரே மூக்குக்குப் போங்கள். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, கிண்ணத்தை மோவாய் உயரத்தில் தொடங்கி மெல்ல உயர்த்துங்கள். முதலில் வருவது தாளிப்புதான்: உலர்ந்த திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல், அக்ரூட், கிராம்பு. இந்த இடத்திலேயே பலர் தீர்ப்பெழுதி விடுகிறார்கள். தாளிப்பு வாசம் தெருவரை வந்தால் உள்ளே சாம்பார் நன்றாயிருக்கிறது என்று அர்த்தமா?

எரிந்த தீக்குச்சி வாசம் அடித்தால் திகைக்க வேண்டாம். காலிப் பீப்பாயில் பூஞ்சை வராமலிருக்க உள்ளே கந்தகம் கொளுத்தும் வழக்கத்தின் மிச்சம் அது. சிலருக்கு அது தெரியவே தெரியாது. சிலருக்கு அதைத் தவிர வேறெதுவும் தெரியாது. கொஞ்சமாக இருந்தால் எனக்குப் பிடிக்கும். ரப்பர் கருகியதுபோல வந்தால் கிண்ணத்தைத் தள்ளிவைத்து விடுவேன்.

பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். மேலே நிற்கும் ஆல்கஹால் கொஞ்சம் பறந்துவிடும். இரண்டாம் முறை மோந்தால் உலர்பழம் பின்வாங்கி, அடியில் வெண்ணிலா, பிஸ்கட் மாவு, ஆப்பிள், ஒருவேளை புகை எழுந்து வரும். பொடியும் பருப்பும் பேசத் தொடங்குவது இப்போதுதான். ஒன்றுமே எழவில்லை என்றால், கரண்டியை மட்டும் விற்றிருக்கிறார்கள்.

முதல் மிடறை நம்ப வேண்டாம். மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு ஏற்பியை ஆல்கஹாலும் கிளறிவிடுகிறது. வாய் முதலில் அந்த எரிச்சலைத்தான் கவனிக்கும். இரண்டாம் மிடறில் பழகிவிடும். சின்னதாக எடுத்து, நாக்கு முழுக்கப் புரட்டி, விழுங்கியபின் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். சுவையில் பெரும்பகுதி இப்படித் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் வாசம்தான்.

முதலில் பழ இனிப்பு, கடைசியில் ஓக்கின் துவர்ப்பு. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கவனியுங்கள். மலிவான ஷெர்ரி ஃபினிஷ் பிளெண்டுகள் சறுக்குவது இங்கேதான். தொடக்கம் ஆரவாரமாக இருக்கும், முடிவில் துவர்ப்பு வாயை உலர்த்தும், நடுவில் வெந்நீர். நல்ல பிளெண்டில் கிரெய்னின் வழுவழுப்பு பழத்தைத் தாங்கிக்கொண்டே பின்னால் எடுத்துச் செல்லும். மால்ட்டின் பார்லி இனிப்பு நடுவே தலைகாட்டும். துவர்ப்பு கடைசியில் வந்தாலும் அதட்டாது.

தண்ணீர் விடலாமா? தாராளமாக. 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார்ல்சனும் ஃப்ரீட்மனும் கணினியில் மூலக்கூறுகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். புகை வாசம் தரும் குவையகால், ஆல்கஹால் 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருக்கும்போது மேற்பரப்பில் வந்து நிற்கிறது; 59 சதவீதத்துக்கு மேல் போனால் ஆல்கஹால் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. 40 சதவீதப் புட்டியில் அந்த வேலை பெரும்பாலும் ஏற்கெனவே முடிந்திருக்கும். அதனால் சில துளிக்கு மேல் தேவையில்லை. தண்ணீர் விட்டதும் ஷெர்ரி மெலிந்து அடிப்படை தெரியும் என்பதால், ஆராய்ச்சிக்கு அது நல்லது. கலவையாளர்கள் சுமார் 20 சதவீதம்வரை நீர்த்துத்தான் மோந்து பார்க்கிறார்கள். ஐஸ் வாசத்தை அடக்கும், துவர்ப்பைத் தூக்கும். ஷெர்ரி ஃபினிஷுக்கு இந்த இரண்டும் நட்டம். வெயில்கால மாலையில் சோடாவோடு குடிப்பது வேறு விஷயம், அதில் எனக்கு எந்தக் கௌரவப் பிரச்சினையும் இல்லை.

தாளிப்பை மட்டும் தனியே அறிய ஒரு வழி, ஒரே பிராண்டின் சாதாப் புட்டியையும் ஷெர்ரி ஃபினிஷ் புட்டியையும் பதினைந்து பதினைந்து மில்லியாகப் பக்கத்தில் வைப்பது. சாதாவை முதலில் எடுங்கள். மாற்றிச் செய்தால் ஷெர்ரிக்குப் பின் சாதா வெறுமையாகத் தோன்றி அநியாயமாகத் தோற்றுவிடும். இரண்டிலும் பொதுவாக இருப்பது வீட்டுச் சாம்பார். இரண்டாவதில் மட்டும் கூடுதலாக வருவதற்குத்தான் கூடுதல் விலை கேட்கிறார்கள். புகை தூக்கலான பிளெண்டுகளில் சில சமயம் ஷெர்ரி அந்தப் புகையை மூடிவிடும். அப்போது சாதாப் புட்டியே எனக்குப் போதும். கிரெய்னும் ஸ்பேசைட் மால்ட்டும் முன்னால் நிற்கும் பிளெண்டில் ஷெர்ரி நன்றாகப் பொருந்தும், கூடுதலாகக் கேட்கும் பணத்தையும் கொடுத்துவிடலாம்.